பேரவையின் உரிமைகளைச் சட்டமாக எழுதுங்கள்

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

தாங்கள் இன்று அமர்ந்திருக்கும் இதே அவை, 2003 நவம்பர் 7 அன்று, ‘தி இந்து’ ஆங்கில நாளேட்டின் ஆசிரியர், நிர்வாக ஆசிரியர், வெளியீட்டாளர் உள்ளிட்ட ஐவருக்கும் ‘முரசொலி’யின் ஆசிரியருக்கும் உரிமை மீறலுக்காக, அதாவது அவைக்கும் உறுப்பினர்களுக்கும் உள்ள சிறப்பு உரிமைகளை மீறியதாகச் சொல்லி, 15 நாள் சிறைத் தண்டனை விதித்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் முதலமைச்சரின் பேரவை உரைகளைப் பற்றி வந்த மூன்று செய்திகளும், அவற்றின் மீது உரிமை மீறல் பிரச்சினை எழுப்பப்பட்டதைக் கண்டித்து வந்த ஒரு தலையங்கமுமே குற்றமாகக் கொள்ளப்பட்டன. முதலமைச்சர் சினந்தார், கடிந்துகொண்டார் என்ற பொருளில் செய்தியாளர் கையாண்ட சொற்கள்கூட அவையின் மாண்பைக் குலைத்தவையாக எண்ணப்பட்டன. தண்டனை விதிக்கப்பட்ட அன்று மாலையே ‘தி இந்து’வின் அண்ணா சாலை அலுவலகத்துக்குள் காவல்துறை நுழைந்தது. நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்திராவிட்டால் அவர்கள் சிறைக்குச் சென்றிருப்பார்கள்.

‘தி இந்து’ பிறந்த கதையே அதிகாரத்தை விமர்சிக்கும் உரிமையோடு பிணைந்தது. 1878-இல் தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது, ஐரோப்பியர் நடத்திய ஏடுகள் அந்த நியமனத்தை எதிர்த்து எழுதின. அவற்றுக்கு மறுமொழி சொல்ல இந்தியர் கையில் ஓர் ஏடு இல்லையே என்று கொதித்த ஜி. சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார் முதலிய ஆறு இளைஞர்கள், ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, அவ்வாண்டு செப்டம்பர் 20 அன்று எண்பது பிரதிகளை அச்சிட்டார்கள். வார ஏடாகத் தொடங்கிய அது 1889-இல் நாளேடாயிற்று; 1905-இல் கஸ்தூரி ரங்க ஐயங்காரின் கைக்கு மாறியது. போஃபர்ஸ் பீரங்கி பேரம் பற்றி 1980-களின் இறுதியில் அது வெளியிட்ட ஆவணங்கள் தில்லி அரசியலையே உலுக்கின.

அதன் செல்வாக்கை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அது யாருக்காகப் பேசுகிறது என்ற கேள்வியைத் திராவிட இயக்கம் விடாமல் எழுப்பியது. அண்ணா சாலையின் பழைய பெயரைக் கொண்டு அதற்குச் சூட்டிய ‘மவுண்ட் ரோடு மகாவிஷ்ணு’ என்ற பட்டப்பெயர் அந்தக் கோபத்தின் அடையாளம். கேள்வி நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்தக் கோபம் எந்த அச்சகத்தையும் பூட்டச் சொல்லவில்லை. ‘குடிஅரசு’, ‘விடுதலை’, ‘முரசொலி’ என்று தனக்கான ஏடுகளை அது தானே உருவாக்கிக்கொண்டது. அப்படிப் பிறந்த ‘முரசொலி’தான் 2003-இல் ‘தி இந்து’வின் தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்டு, அதற்காகவே தண்டனைப் பட்டியலிலும் சேர்ந்தது. இதழியல் வரலாற்றில் இதைவிடப் பெருமைக்குரிய ஒரு கூட்டு எனக்கு நினைவில் இல்லை.

இது ஒருமுறை நேர்ந்த விபத்தன்று. 1987-இல் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைச் சித்திரத்துக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு இதே பேரவை மூன்று மாதக் கடுங்காவல் விதித்ததைத் தங்களில் மூத்தவர்கள் அறிவார்கள்.

இவற்றுக்கெல்லாம் இடம் தருவது அரசியலமைப்பின் 194(3)-ஆவது பிரிவு. அவையின் உரிமைகளைச் சட்டமன்றமே சட்டத்தால் வரையறுக்கலாம் என்று அது சொல்கிறது. வரையறுக்கும் வரை பழைய நிலை நீடிக்கும் என்கிறது. தொடக்கத்தில் அந்தப் பழைய நிலை பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் அவைக்கு இருந்த உரிமைகளைக் குறித்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் வரவில்லை. எது குற்றம் என்று எங்கும் எழுதி வைக்காமலே புகார் சொல்பவரும் விசாரிப்பவரும் தண்டிப்பவரும் ஒரே அவையாக இருக்கும்போது, கட்சிப் பெரும்பான்மையே தீர்ப்பாகிவிடுகிறது.

ஆகவே, வரும் கூட்டத்தொடரிலேயே இதற்கான மசோதாவைக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன். அவையின் பணியை நேரடியாகத் தடுக்கும் செயலை மட்டுமே அது உரிமை மீறலாகக் கொள்ள வேண்டும். அவை நடவடிக்கை பற்றிய செய்தியும் விமர்சனமும் அதற்குள் வரக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கறிஞருடன் வந்து தம் தரப்பைச் சொல்லவும், தண்டனை நடைமுறைக்கு வருமுன் உயர் நீதிமன்றத்தை அணுகவும் அது வழி செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
நாளேடு படிக்கும் ஒரு வாக்காளர்