களப்பயிற்சி மாணவர்கள் குறித்து மூத்த நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மூத்த நூலகர்களுக்கு,

வணக்கம். நூலக அறிவியல் படித்துக்கொண்டே களப்பயிற்சிக்காக நம்மிடம் வரும் மாணவர்களுக்கு நாம் எதைக் கற்றுத்தந்து அனுப்புகிறோம் என்பது குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். நான் அறிந்த பல நூலகங்களில் அவர்களுக்குக் கிடைப்பது பார்கோடு ஒட்டுவதும், திரும்பி வந்த நூல்களை அடுக்குவதும், புதிதாக வந்த நூல்களைப் பதியும் சேர்ப்புப் பதிவேட்டில் எண் எழுதுவதும்தான். இவை வீண் வேலைகள் அல்ல. அடுக்குகளை அறியாதவர் நூலகராக முடியாது. ஆனால் பயிற்சிக் காலம் முழுவதும் இதிலேயே கழிந்துவிட்டால், ஒரு நூலகர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதை ஒருமுறைகூடப் பார்க்காமல் அந்த மாணவர் சான்றிதழோடு வெளியேறுகிறார்.

பருவநிலை மாற்றம் வேளாண்மையை எப்படிப் பாதிக்கிறது என்று பேசும் ஒரு நூல் வருவதாகக் கொள்வோம். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பில் அது காலநிலையியலுக்கான 551.6-இல் அமருமா, வேளாண்மைக்கான 630-இலா? ஒரு பொருள் மற்றொன்றின்மேல் ஏற்படுத்தும் விளைவைப் பேசும் நூலைப் பாதிப்புக்குள்ளாகும் பொருளின்கீழ் வைக்க வேண்டும் என்ற விதியைத் தேர்வுக்குப் படித்த மாணவர் 630 என்று சரியாகவே சொல்லிவிடுவார். ஆனால் வாசகர்களில் பெரும்பாலோர் காலநிலை ஆய்வாளர்களாக இருக்கும் ஒரு நூலகத்தில், அனுபவமுள்ளவர் தெரிந்தே வேறு இடத்தைத் தேர்ந்து, பொருள் தலைப்புகள் இரண்டையும் பட்டியலில் சேர்த்துவிடக்கூடும். மாணவரின் கண்ணில் படுவது நூலின் முதுகில் ஒட்டிய எண் மட்டுமே. அதற்குப் பின்னுள்ள யோசனையை நாம் வாய்விட்டுச் சொன்னால்தான் அது அவரைச் சேரும்.

வாசகர் கேட்பதைத் தேடித்தரும் உசாத்துணைப் பணியில் இது இன்னும் முக்கியம். "மருத்துவப் புத்தகங்கள் எங்கே இருக்கின்றன?" என்று ஒருவர் கேட்டால், புதியவர் மருத்துவத்துக்கான 610-ஐ நோக்கிக் கைகாட்டுவார். நீங்களோ எழுந்து வந்து, அருகிலிருப்பவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, எதைப் பற்றித் தேடுகிறார் என்று விசாரிப்பீர்கள். தம் தாயின் சிறுநீரகம் குறித்து மருத்துவர் சொன்னது புரியாமல், எளிய நடையில் எழுதிய ஏதாவது ஒன்றைத் தேடி அவர் வந்திருப்பது இரண்டு கேள்விகளில் தெரிந்துவிடும். நம்பத்தகுந்த நூலை எடுத்துத் தருவீர்கள்; மருத்துவ ஆலோசனை சொல்லமாட்டீர்கள். வாசகர் போனபின், ஏன் அப்படிக் கேட்டீர்கள், எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டீர்கள் என்று அருகில் நின்ற மாணவரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். நேரமில்லை என்ற நம் வழக்கமான பதிலை இந்த ஐந்து நிமிடத்துக்குச் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன்.

இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதனை நினைத்துப் பாருங்கள். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது அவர் ஒரு கணித ஆசிரியர். நூலகப் பணியில் மனம் ஒட்டாமல் கற்பித்தலுக்கே திரும்பிவிட விரும்பியவர். நூலகப் பயிற்சிக்காக லண்டன் சென்றபோது அவருக்குக் கற்பித்த பெர்விக் சேயர்ஸ் குராய்டன் பொது நூலகத்தின் தலைமை நூலகருமாக இருந்தார். பாடத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், நூலகங்கள் நடக்கும் விதத்தை நேரில் கண்டுவர அவர் ரங்கநாதனுக்கு வழிகாட்டினார். 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டவர், அப்படிக் கைகாட்டப்பட்ட ஒரு மாணவர்தான்.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஊதியமில்லாப் பயிற்சி, பகுதிநேர வேலை செய்துகொண்டே படிப்பவருக்குப் பெரும் சுமை. பயணப்படியாவது கிடைக்க நிர்வாகத்திடம் வாதாடுங்கள். அதுவும் இயலாவிட்டால் அவருடைய வேலை நேரத்துக்கு ஏற்பப் பயிற்சி நேரத்தை மாற்றிக்கொடுங்கள். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, ஒப்பந்தப் பணிகளே அதிகம் என்ற நிலை இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். நூலகர் சங்கக் கூட்டங்களுக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். தனியாக வரும் மாணவர் பின்வரிசையில் அமர்ந்து, எவரிடமும் பேசாமல் திரும்பிவிடுகிறார்.

அடுத்த மாணவர் வரும்போது ஒரு சிறு பணியைத் தொடக்கம் முதல் முடிவு வரை அவரிடமே ஒப்படைத்துப் பாருங்கள் என்பது என் வேண்டுகோள். ஒரு பொருளில் சில நூல்களை அவரே தெரிவு செய்யட்டும், பகுத்துப் பட்டியலிடட்டும், வாசகர் பார்வைக்கு வைக்கட்டும்; தவறும் இடத்தில் நீங்கள் திருத்துங்கள். பிறகு சான்றிதழில் "பயிற்சி பெற்றார், நன்னடத்தை உடையவர்" என்ற பழைய வரியோடு விட்டுவிடாமல், அவர் செய்தது என்ன என்பதை விவரமாக எழுதிக் கையெழுத்திடுங்கள். முதல் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, தம் அனுபவத்துக்குச் சான்றாக அவரால் காட்ட முடிவது அந்த ஒரு தாளைத்தான்.

அன்புடன்,
உங்களோடு பணியாற்றும் நூலகர் ஒருவர்