வேதபாட ஐக்கியம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நான்கு குழுக்களையும் சேர்ந்த அன்பான சகோதர சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துதல்.

எத்தனை கூடுகை, எத்தனை வருகை, எத்தனை மனப்பாட வசனம் என்று கடந்த ஆண்டறிக்கையை எண்களால் நிரப்பியிருந்தேன். இந்த முறை அவற்றைப் பதிவேட்டிலேயே விட்டுவிடுகிறேன்; பார்க்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாங்கிப் பார்க்கலாம். வருகை குறைந்திருக்கிறது என்பதை மறைக்கவில்லை. அதில் பெரும்பங்கு நான் நடத்திய குழுவில்தான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தலைப்புக்கு ஏற்றபடி அங்கொன்றும் இங்கொன்றுமாக வசனங்களைப் பொறுக்கிப் படிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களையும் வரிசையாக வாசிப்பது என்று செயற்குழு ஆண்டுத் தொடக்கத்தில் முடிவு செய்தது. ஒரு கூடுகைக்கு ஒரு பகுதி, மூன்று கேள்வி: இங்கே என்ன எழுதியிருக்கிறது, அதன் பொருள் என்ன, அது என்னிடம் என்ன கேட்கிறது. முதல் கேள்வியை முடிக்காமல் மூன்றாவதற்குத் தாவக்கூடாது. இந்த விதியை அதிகம் மீறியவர்கள் புதியவர்கள் அல்லர். நாற்பது வருடமாக வேதம் வாசிக்கிறவர்கள். பகுதியைத் திறக்கும் முன்பே அவர்களிடம் பிரசங்கம் தயாராக இருந்தது.

எல்லாரும் ஒரே மொழிபெயர்ப்பைக் கொண்டுவர வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம் என்று விட்டதே நல்லதாயிற்று. முதல் அதிகாரம் 15ஆம் வசனத்தை ஒருவர் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து “மனந்திரும்பி, சுவிசேஷத்தை விசுவாசியுங்கள்” என்று வாசிக்க, திருவிவிலியம் வைத்திருந்தவர் “மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்” என்றார். அன்று அந்த வசனத்தைத் தாண்டவே முடியவில்லை. விசுவாசிக்கிறேன் என்று சபையில் சொல்வது எளிதாக இருக்கிறது, நம்புகிறேன் என்று சொல்லச் சொன்னால் தயக்கமாக இருக்கிறது, ஏன் என்று ஒரு தங்கை கேட்டார். ஒன்று ஆலயத்துச் சொல், மற்றது கடன் கொடுக்கும்போதும் பிள்ளையைப் பிறரிடம் விட்டுச் செல்லும்போதும் பயன்படுத்துகிற சொல். கேள்விக்கு விடை கிடைத்ததாக நினைவில்லை. ஆனால் அடுத்த பல வாரங்களுக்கு “விசுவாசம்” என்று யார் சொன்னாலும், “அதாவது நம்பிக்கை?” என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வந்துகொண்டிருந்தது.

எட்டாம் அதிகாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். பெத்சாயிதாவில் ஒரு குருடனை இயேசு கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் செல்கிறார். முதல் தொடுதலில் அவனுக்குப் பார்வை பாதிதான் வருகிறது. நடக்கிற மனிதர்கள் மரங்களைப்போலத் தெரிகிறார்கள். இரண்டாம் முறை தொட்ட பிறகே தெளிவாகக் காண்கிறான். இந்தச் சம்பவம் மாற்குவில் மட்டுமே உள்ளது. “உடனே” என்ற சொல்லை மற்ற சுவிசேஷகர்களைவிட மிக அதிகமாக எழுதிய மாற்குவிடம்தான் இப்படி இரண்டு தவணையில் நடந்த சுகம் இருக்கிறது. ஆண்டவருக்கு முதல் முறை வல்லமை போதவில்லையா என்று ஓர் இளைஞர் கேட்டதும், அறையில் இருந்த மூத்தவர்கள் நெளிந்தார்கள்.

அப்போது பேசியவர், அதுவரை வாசிக்கச் சொன்னால் வாசித்துவிட்டு அமைதியாக அமர்ந்துகொள்ளும் ஓர் ஐயா. சில மாதங்களுக்கு முன் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். “கட்டுப் பிரித்த அன்று எதிரே மருமகள் நின்றாள். முகம் தெரியவில்லை. வெளுப்பாக ஓர் உயரம் நின்றது. தெரிகிறதா மாமா என்று கேட்டாள். அவள் மனம் வருந்தக்கூடாதே என்று தெரிகிறது என்று சொல்லிவிட்டேன். இவன் அப்படிச் சொல்லவில்லை. மரம் மாதிரித் தெரிகிறது என்று உள்ளதைச் சொன்னான். அதனால்தானே இரண்டாவது முறை தொட்டார்?” என்றார்.

அது சரியான வியாக்கியானமா என்று போதகர்கள் தீர்மானிக்கட்டும். ஆனால் அதன் பிறகு அந்தப் பக்கத்தை முன்னும் பின்னும் எல்லாரும் ஆர்வமாகப் புரட்டினார்கள். சற்று முன்புதான், கண்களிருந்தும் காணாதிருக்கிறீர்களா என்று சீஷர்களிடம் கேள்வி. சற்றுப் பின்பு, நீர் கிறிஸ்து என்று பேதுரு அறிக்கையிடுகிறான். அதே மூச்சில் சிலுவையை மறுத்துக் கடிந்துகொள்ளப்படுகிறான். பேதுருவுக்கும் அப்போது பாதிப் பார்வைதான் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் குழுவே கண்டுபிடித்தது.

மூன்றாம் குழு 13ஆம் அதிகாரத்தில் கடைசிக்காலத்துக்குள் நுழைந்து இன்னும் வெளியே வரவில்லை. வருகை நூற்றுக்கு நூறு. ஒரு சகோதரர் சுவர் அளவுக்கு அட்டவணை வரைந்து கொண்டுவந்தார். அந்த நாளைப் பிதா ஒருவர் தவிர வேறு யாரும் அறியார் என்ற 32ஆம் வசனத்தை அதில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டேன். அந்தக் கேள்வி இன்னும் ஆலோசனையில் இருக்கிறது.

இனி என் குழு. ஒரு நாள் கூடுகை முடிந்ததும் ஒரு சகோதரி கைக்கடிகாரத்தைக் காட்டி, “அண்ணா, ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடம் நீங்களே பேசினீர்கள்” என்றார். மறுத்துப் பேசினேன், அதுவும் ஐந்து நிமிடம் ஆயிற்று. சிலர் ஏன் வருவதை நிறுத்தினார்கள் என்பது அன்று இரவுதான் உறைத்தது. அடுத்த வாரம் கேள்வி கேட்டபின் மனதுக்குள் முப்பது வரை எண்ணுவது என்று தீர்மானித்தேன். அந்த அமைதியைத் தாங்குவது உபவாசத்தைவிடக் கடினம். இருபதைத் தாண்டியபோது ஒரு தம்பி, “எனக்கு ஒரு வருடமாக ஜெபிக்கவே வரவில்லை” என்றார். அறிவுரை சொல்ல வாய் திறந்த என்னை அந்தச் சகோதரி ஒரு பார்வையில் நிறுத்தினார். நின்றுபோன இருவர் பிறகு திரும்பி வந்தார்கள்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வகுப்புக் கூட்டங்கள் என்ற சிறு குழுக்கள், 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கட்டடக் கடனை அடைக்கத்தான் தொடங்கின. வாரம் ஒரு பென்னி வசூலிக்க வீடு வீடாகப் போன தலைவர்கள், அங்கே அந்த மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் கண்டார்கள். பிறகு அந்த விசாரிப்பே முக்கியமான வேலையாயிற்று. நம் குழுத் தலைவர்களும் வராதவர்களைத் தேடிப் போக வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. தொலைபேசிச் செய்தி அனுப்புவது தேடிப் போனதாகக் கணக்கில் வராது.

வீட்டைத் திறந்துகொடுத்த குடும்பத்தினருக்கும், கூடுகையின்போது குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இளையோருக்கும் நன்றி. வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார்.

வரும் ஆண்டில் அப்போஸ்தலருடைய நடபடிகள், 28 அதிகாரங்கள். என் குழுவை நடத்தக் கைக்கடிகாரச் சகோதரி ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் அதே குழுவில் உறுப்பினனாகத் தொடர்கிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
செயலாளர்