மேலாளரை மாற்றினால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொடர்ந்து தோற்றுவரும் ஐஸ் ஹாக்கி அணிக்குப் புதிய பொது மேலாளர் வந்திருப்பதாக உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். அடுத்த சீசனிலேயே எல்லாம் சரியாகிவிடும் என்பது போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

பொது மேலாளர் களத்தில் இறங்குபவர் அல்ல. டிராஃப்ட் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது), வீரர் பரிமாற்றம், அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்புக்குள் ஒப்பந்தம் என்று அவர் செய்வதெல்லாம் பலன் தரச் சில ஆண்டுகள் பிடிக்கும். டிராஃப்டில் எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் 18 வயதுப் பையன்கள்தானே!

ஸ்டீவ் ஐசர்மனையே பாருங்கள். வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஹாக்கி லீகில் ஆடும் டாம்பா பே அணியில் 2010 முதல் 2018 வரை மேலாளராக இருந்தார். பின்னாளில் நட்சத்திரங்களான குச்செரோவை 2011 டிராஃப்டில் 58ஆவது ஆளாகவும், பாயின்டை 2014இல் 79ஆவது ஆளாகவும் எடுத்தார். லீகின் ஸ்டான்லி கோப்பை வந்ததோ 2020, 2021இல், அவர் பதவியை விட்ட பிறகு. அப்புறம் 2019இல் டெட்ராய்ட்டுக்கு வந்தார். 2025 வரை அந்த அணி பிளே ஆஃப் பக்கமே போகவில்லை. ஆள் அதே ஆள்தான்.

அதே லீகின் கொலராடோ அணி 2016-17 சீசனில் 82 ஆட்டங்களில் 22இல்தான் வென்றது. ஆனாலும் மேலாளர் ஜோ சாகிக்கை அனுப்பிவிடவில்லை. அந்தக் கோடையில் அவர் எடுத்த கேல் மக்கார், 2022இல் கோப்பையை வென்றபோது பிளே ஆஃபின் சிறந்த வீரர்.

புதியவருக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம்? பயிற்சியாளரை மாற்றும் அதிகாரம் அவரிடமா, உரிமையாளரிடமா? உங்கள் நிருபர் அதைக் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு ஹாக்கி ரசிகர்