தியேட்டரில் பின் சீட்டில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு

காட்பாடி, வேலூர், சத்துவாச்சாரி பக்கம் தியேட்டருக்கு வந்து, படம் ஓடும்போது பேசுகிற அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் குடியாத்தத்திலிருந்து ரயிலில் கூட்டிவந்து மேட்னி ஷோவுக்குப் போனேன். அம்மா விசைத்தறிக் கொட்டகையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அந்தச் சத்தத்திலேயே காது மந்தமாகிவிட்டது. தறிச் சத்தத்தில் கெட்ட காதுக்கு ஆள் பேசுவது கேட்கும், வார்த்தை பிரியாது. 'ச', 'ஸ' மாதிரி சீறல் ஓசைகள்தான் முதலில் போகும். ஆறு மாதம் முன்பு காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தோம். மிஷின் போட்டபின் அவர் தியேட்டரில் பார்க்க வந்த முதல் படம் அது.

எங்கள் பின் வரிசையில் நான்கு பேர். கத்தவில்லை, கிசுகிசுவென்றுதான் பேசினார்கள். "இவன்தான் கடைசில மாட்டுவான் பாரு." "மண்டபத்துக்கு அட்வான்ஸ் குட்த்தாச்சா?" "நாளைக்கு இன்னா, லீவா?" படம் முழுக்க இதேதான். மெதுவாகப் பேசினால் யாருக்கும் தொந்தரவில்லை என்று நினைத்திருப்பார்கள். ஆனால் கிசுகிசுப்பு முழுக்கக் காற்றும் சீறலும்தான். அம்மா பிடிக்கப் பாடுபடுகிற அதே ஓசை. காது மிஷினுக்கு வசனம் எது, ஊர்க்கதை எது என்று தெரியாது. எல்லாவற்றையும் பெரிதாக்கிக் கொடுக்கும், அதில் கிட்டத்தில் இருப்பதுதான் தூக்கலாகக் கேட்கும். வசனமோ பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கிற ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அதற்காகவே திரை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பொடி ஓட்டைகள் போட்டிருப்பார்கள். அங்கிருந்து அத்தனை வரிசை தாண்டி வரும் வசனம், காதுக்கு ஒரு முழம் பின்னால் நடக்கும் பேச்சிடம் தோற்றுப்போகிறது.

இடைவேளைக்கு முன் இரண்டு தடவை அம்மா என் பக்கம் திரும்பி "இன்னா சொன்னா?" என்றார். பதில் சொன்னால் நானும் அடுத்தவரைக் கெடுப்பேனே என்று, அப்புறம் சொல்கிறேன் எனக் கையைக் காட்டினேன். இடைவேளை முடிந்து வந்து உட்கார்ந்ததும் மிஷினைக் கழற்றினார். முந்தானை முனையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். மீதிப் படத்தை வாயசைப்பை வைத்தே பார்த்து முடித்தார்.

விசிலையும் கைதட்டலையும் நான் குறை சொல்லவே மாட்டேன். ஹீரோ வரும்போது அம்மாவும்தான் தட்டினார். அது தியேட்டரே சேர்ந்து செய்வது. குழந்தை அழுவதற்கும் யாரும் எதுவும் சொல்ல முடியாது. நான் சொல்வது உங்கள் வீட்டுப் பேச்சை. நம் ஊரில் பக்கத்து சீட்டில் இருப்பவர் யாரென்று நமக்குத் தெரியாது. எங்கிருந்தோ வந்து, ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு, லாட்ஜில் நாளெண்ணிக்கொண்டு, இரண்டு மணி நேரமாவது மறந்திருக்கலாம் என்று வந்தவராக இருக்கலாம்.

அவசரப் பேச்சென்றால் கதவைத் தாண்டி வராந்தா இருக்கிறது. மற்றதற்கு இடைவேளை இருக்கிறது. தியேட்டர் நடத்துபவர்களிடமும் கேட்கிறேன்: டார்ச்சோடு சீட் காட்ட வருகிற பையனைப் படம் ஓடும்போதும் இரண்டு முறை நடக்கவிடுங்கள். பேசுகிறவர்களிடம் அவன் வந்து சொன்னால் சண்டை வராது, நான் திரும்பிச் சொன்னால் வருகிறது.

இனிமேல் வரவில்லை என்றிருந்த அம்மாவை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு ஃபர்ஸ்ட் ஷோ. மிஷினுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று.