வட்டம் எழுதுவது

அன்புள்ள நண்பா,

ஏழு மாதமாகப் பதில் போடாததற்கு நேரில் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று தம்பி சொன்னான். சந்தோஷம்.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. நீங்களெல்லாம் எனக்கு வைத்த 'வட்டம்' என்ற பட்டப்பெயர் பலித்துவிட்டது. மலையடிவாரக் கிராமங்களுக்குப் புதிய சுகாதார நிலையம் எங்கே வைக்கலாம் என்று என்னிடம் வரைபடம் கேட்டார்கள். இருக்கிற நிலையங்களை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் புள்ளியாக வைத்து, ஒவ்வொன்றையும் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் போட்டேன். வட்டத்துக்குள் விழுந்த இடமெல்லாம் பச்சை. படம் முக்கால்வாசி பச்சை. எனக்கோ பெருமை. கூட்டத்துக்கு வந்திருந்த கிராமச் செவிலியர் திரையைப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்க்காரங்க ஆத்தைப் பறந்து தாண்டுவாங்களா சார்?" என்றார். சிரிக்காதே. படத்தில் ஆறு இருந்தது. நான்தான் அதன் மேலேயே பச்சை பூசியிருந்தேன்.

அப்புறம் உலக சுகாதார நிறுவனத்தின் ஆக்சஸ்மாட் என்ற மென்பொருளை எடுத்தேன். அது தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பார்க்கிறது. நிலத்தைச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் கடக்க எத்தனை நிமிடம் என்று கூட்டும். சாலை, காடு, சரிவு எல்லாவற்றுக்கும் தனி வேகம். பாலமில்லாத ஆறு என்றால் சுவர். நடை வேகத்துக்கு வால்டோ டோப்ளர் என்ற புவியியலாளர் 1993இல் தந்த சூத்திரம் ஒன்று உண்டு, சமதளத்தில் மணிக்குச் சுமார் 5 கி.மீ. நல்ல கால் உள்ளவனின் நடை அது. வலி எடுத்தவள் அப்படியா நடப்பாள்? வேகத்தைப் பாதியாக்கி, ஆற்றில் வெள்ளம் என்று வைத்து மறுபடி ஓட்டினேன். பச்சையில் பாதியைக் காணோம்.

சரி, புதிய நிலையத்தை எங்கே வைப்பது? எல்லோருடைய பயண நேரத்தையும் கூட்டி அதைக் குறை என்றால், ஜனம் அடர்ந்த சாலையோரத்தைக் காட்டுகிறது. அங்கே ஏற்கெனவே பஸ் போகிறது. கடைசி ஆளின் நேரத்தைக் குறை என்றால், புள்ளி மலைப்பக்கம் நகர்கிறது. அங்கே எந்த டாக்டர் தங்குவார்? இரண்டு கணக்கும் சரிதான். எதைக் கேட்பது என்பதை நான் முடிவு செய்கிறேன், அதுவும் ராத்திரி பதினோரு மணிக்கு, தனியாக. அறிக்கையில் அது ஒரு வரிகூட வராது. இதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊர்க்காரர்களிடமே காட்டலாம் என்றிருக்கிறேன். மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை, "ஒரு புள்ளி போதும்" என்கிறார். நீ என்ன சொல்கிறாய்?

அடுத்த வாரம் ஜிபிஎஸ்ஸோடு அந்தச் செவிலியர் பின்னால் மலையேறுகிறேன். அவர் தினமும் போகிற ஒற்றையடிப் பாதை மரங்களுக்கு அடியில் இருக்கிறது, செயற்கைக்கோள் படத்தில் தெரியவே இல்லை. நீயும் வாயேன். உன் நடைக்கு டோப்ளர் சூத்திரத்தையே திருத்த வேண்டியிருக்கும்.

உன்,
வட்டம்