நெல்லில் 24 என்று எழுதுவதற்கு முன்

பயிர் மேம்பாட்டு ஆய்வேடுகளுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். மாணவனாக இருந்தபோது ஒரு பருவத்தையே வீணாக்கியவன் எழுதுகிறேன். மகரந்தப்பையைச் சோதனைக்குழாயில் வளர்த்து ஒற்றைமடிய நெற்செடிகளைப் பெற்றேன், அதாவது வழக்கமான 24 குரோமோசோமில் பாதியான 12 மட்டும் உள்ளவை. அந்த எண்ணிக்கையை இரட்டிக்கக் கால்ச்சிசின் என்ற மருந்து கொடுத்தேன். இலைத்துளைகள் பெரிதாயின, அதையே அடையாளமாக வைத்து 'இரட்டித்துவிட்டது' என்று குறித்து நடவு செய்தேன். கதிர் வந்தது, அத்தனையும் பதர்.

காரணம் பிறகுதான் உறைத்தது. இலைத்துளையைத் திறந்து மூடும் காப்பு செல்கள் குருத்து நுனியின் வெளியடுக்கிலிருந்து வருபவை. மகரந்தமும் சூலும் அதற்கடுத்த அடுக்கின் பிள்ளைகள். மருந்து மேலடுக்கை மட்டும் இரட்டித்திருந்தால் இலை ஒன்று சொல்லும், கதிர் வேறொன்று சொல்லும். வேரோ இன்னும் உள்ளிருந்து கிளம்புவது. அதை மட்டும் வைத்தும் முடிவு சொல்ல முடியாது.

மருந்தே தொடாவிட்டாலும் 12, 24, 36, 48 குரோமோசோம் உள்ள செடிகள் கலந்து முளைக்கக்கூடும். பிரித்தறிய, செல் உட்கருவிலுள்ள டிஎன்ஏ அளவைக் கருவியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி இருக்கிறது. இளம் இலைத் துண்டைத் தாங்கல் கரைசலில் பிளேடால் கொத்தி, வடிகட்டி, சாயமேற்றி, இருமடியம் (24 குரோமோசோம்) என்று உறுதியாகத் தெரிந்த செடியோடு ஒப்பிட்டால் சில நிமிடங்களில் விடை வந்துவிடும். கருவி விலை அதிகம்தான். ஆனால் ரத்தப் புற்றுநோயை ஆராயும் மருத்துவ ஆய்வகங்களிலும் இதே கருவிதான் இருக்கிறது. கேட்டுப் பார்ப்பதில் என்ன குறைந்துவிடும்? ஒரேயொரு குரோமோசோம் கூடியதையோ குறைந்ததையோ அது தவறவிடலாம். அதற்கு வேர்நுனியை நசுக்கி எண்ணத்தான் வேண்டும். நெல்லின் குரோமோசோம்கள் மிகச் சிறியவை, கண் வலிக்கும்.

இன்னொன்று, இதுவே எனக்குப் பெரிய மனக்குறை. 24 என்று எண்ணியதுமே 'இரட்டித்த ஒற்றைமடியம்' என்று எழுதிவிடுகிறார்கள். மகரந்தப்பையின் சுவரும் இருமடியம்தானே! அந்தத் திசுவிலிருந்து எழுந்த செடியிலும் 24தான் இருக்கும். கலப்பினத் தாய்ச்செடியில் இரு பெற்றோரின் டிஎன்ஏ அடையாளங்களையும் தனித்தனிப் பட்டைகளாகக் காட்டும் டிஎன்ஏ குறியீடுகளைச் சோதியுங்கள். மகரந்தத் துகளில் அவற்றில் ஒன்றுதான் இருக்கும். சோதனைக்குழாயில் வளர்ந்த செடியிலும் இரண்டும் சேர்ந்தே தெரிந்தால் அது மகரந்தத் துகள் ஒன்றிலிருந்து வந்ததல்ல.

1964இல் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையிலிருந்து கருக்களை எழுப்பியது தில்லியில். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் இலைத்துளையை மட்டும் அளந்துகொண்டிருந்தால் எப்படி?

ஆய்வேட்டு அட்டவணையில் ஒவ்வொரு செடிக்கும் மடிய நிலை (குரோமோசோம் தொகுதி எத்தனை மடங்கு), அதை எந்தத் திசுவில், எந்த முறையில், எந்த வயதில் பார்த்தது என்று எழுதச் சொல்லுங்கள். கழித்துப்போட்ட செடிகளும் அதில் வரட்டும். இவை இல்லாத அட்டவணையில் தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள்.

இப்படிக்கு,
பதர் அறுத்த பழைய மாணவன்