பிள்ளைகளுக்கும் வேண்டும் தன்வரலாறு

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இதழின் நூல் அறிமுகப் பக்கத்தில் சிறுவர் நூல் என்றால் பெரும்பாலும் கதைப் புத்தகம்தான் வருகிறது. கதை வேண்டாம் என்று சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லும் புத்தகங்களுக்கும், முக்கியமாகத் தன்வரலாறுகளுக்கும் அங்கே இடம் கொடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை நான். பிள்ளைகளுக்கென்று வரும் தலைவர் வரலாறுகள் பலவும் பிறந்தார், படித்தார், உழைத்தார், உயர்ந்தார் என்று ஓடுகின்றன. அவர் எதற்குப் பயந்தார், எங்கே தடுமாறினார் என்பது இருக்காது. பிள்ளைகள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறார்கள்.

உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ அப்படியில்லை. 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கி, 1942இல் அவர் மறைவோடு முடியாமல் நின்ற நூல். அதில் 1880இல் நடந்த ஒரு சந்திப்பு வருகிறது. அவர் அப்போது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர், வயது 25. ஊருக்கு முன்சீபாக (உரிமையியல் நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிறார். இல்லை. இதை எட்டாம் வகுப்பில் வாசித்தபோது, “வாத்தியாருக்கே தெரியலையா? அப்புறம் என்ன செஞ்சார் டீச்சர்?” என்று கேட்டார்கள். தெரியாததைத் தேடிப் போனார், ஏட்டுச்சுவடிகளோடு மல்லுக்கட்டினார், 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். அந்தக் கேள்வியை எந்தப் பாடப்புத்தக வரலாறும் பிள்ளைகளிடம் எழுப்பி நான் பார்த்ததில்லை.

பெரிய வகுப்புகளுக்கு பாமாவின் தன்வரலாறான ‘கருக்கு’ இருக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு போவதைப் பார்த்து சிறுமியாக இருந்த பாமாவுக்குச் சிரிப்பு வருகிறது. ஏன் அப்படி என்று அண்ணன் சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிடுகிறது. சாதி என்றால் என்ன என்று நான் ஒரு பீரியட் முழுக்கப் பேசினாலும் இந்த ஒரு பக்கத்துக்கு ஈடாகாது.

ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதிய ‘டோட்டோ-சான்’ எங்கள் நூலகத்தில் நிற்பதே இல்லை. பிள்ளைகள் ரயில்பெட்டி வகுப்பறைக்காக வாசிக்கிறார்கள். அதே பிரதியைக் கொண்டுபோகும் அம்மாக்கள், ஒன்றாம் வகுப்பிலேயே மகளைப் பள்ளியிலிருந்து நீக்கியதை அவளுக்கு இருபது வயதாகும்வரை சொல்லாத தாயைப் பற்றித்தான் என்னிடம் பேசுகிறார்கள்.

பதிப்பாளர்களிடம் கேட்பது இதுதான். பெரிய தன்வரலாறுகளின் இளமைக்கால அத்தியாயங்களைத் தனிச் சிறு நூல்களாகக் கொடுங்கள். வாழ்ந்தவரின் நடையை மாற்றி எழுத வேண்டாம். கடினமான சொல்லுக்கு அந்தப் பக்கத்தின் அடியிலேயே பொருள் போடுங்கள், எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். எங்கே சுருக்கியிருக்கிறது, முழு நூல் எது என்பதை முதல் பக்கத்தில் சொல்லிவிடுங்கள். உங்கள் இதழும் சிறுவர் பகுதியில் வாரம் ஓர் அத்தியாயம் வெளியிட்டால், நாங்கள் அதை வெட்டி வகுப்பிலேயே வாசிப்போம்.

– ஒரு பள்ளி ஆசிரியை, திருவாரூர்